இன்னும் ஒரு தடவை

மார்ச் மாசம் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். வங்கிக்காரனுக்கு வருஷக் கணக்கு முடிக்கிற மாசம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக் கொள்ளுங்கள்.

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கே மணிநகர், கோக்ரா பக்கமெல்லாம் ரெண்டு மூணு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கிளையில் ஒரு தமிழ் ஆபீசர் இருக்கிறார் என்று தெரிந்தால் தேடி வந்துவிடுவார்கள். அப்படித்தான் போன வாரம் ஒரு மத்தியானம் ஒரு பெரியவர் கையில் ஃபைலோடு வந்தார். வீட்டுப் பத்திரத்தை வைத்து 12 லட்சம் கடன் வேண்டும்.

"எதுக்குங்க ஐயா?"

மகள் எம்.பி.பி.எஸ். கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே பரீட்சையெல்லாம் பாஸ். ரெசிடென்சி மட்டும் ரெண்டு வருஷமாகக் கிடைக்கவில்லை.

"இன்னும் ஒரு தடவை சார். இந்தத் தடவை கண்டிப்பா கிடைச்சிரும்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. ஏனென்றால் இதே வாக்கியத்தை நானே ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை.

கொசுவத்தியைச் சுத்துகிறேன்.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் சீட்டு கிடைத்த அன்றைக்கு அத்தான் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். பி.காம் படித்த எனக்கு அவளுடைய அனாடமி புத்தகத்தைத் தூக்கிப் பார்ப்பதே பெருமை. 2014-இல் ஹவுஸ் சர்ஜன் முடித்தாள். 2015-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நியூ ஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலை. "அங்க போய் ஒரு பரீட்சை எழுதிட்டா அங்கயே டாக்டர்" என்று கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

ஒரு பரீட்சை இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. யு.எஸ்.எம்.எல்.இ. என்று படிப்படியாகப் பரீட்சைகள். அப்போது நேரில் நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் தேர்வு ஒன்றும் இருந்தது, பிலடெல்பியா போய் எழுதினாள் (2021-இல் அதை எடுத்தே விட்டார்கள்). நடுவில் குழந்தை பிறந்தது. எல்லாம் பாஸ் செய்து ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழும் வாங்கிவிட்டாள். இவ்வளவும் செய்தால் விண்ணப்பிக்கத்தான் தகுதி. ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி பயிற்சி கிடைத்தால்தான் மருத்துவம் பார்க்க லைசென்சு. அந்த இடத்துக்கு நாடு முழுக்க ஒரே பொருத்தம் பார்க்கும் முறை, பெயரே மேட்ச். மார்ச் மூன்றாவது வாரம், திங்கட்கிழமை, கிடைத்ததா இல்லையா என்று மின்னஞ்சல் வரும். எந்த ஆஸ்பத்திரி என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

இடம் ஏன் குறைவு என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே பயிற்சி மருத்துவர்களுக்கான செலவில் பெரும்பங்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. அதற்கு 1997-இல் ஒரு சட்டம் போட்டு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். அப்புறம் கொஞ்சம் கூட்டினார்கள், ஆனால் விண்ணப்பிக்கிறவர்கள் அதைவிட வேகமாகக் கூடினார்கள். வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மருத்துவர்களில் சமீப வருஷங்களில் நூற்றுக்கு 58, 60 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அதாவது பத்தில் நாலு பேருக்கு இல்லை. அத்தனை பேரும் பாஸ் செய்தவர்கள்.

பாப்பா அந்த நாலு பேரில் ஒருத்தி ஆனாள். 2020 மார்ச். அப்போது நான் போபாலில் இருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு கிளையில் உட்கார்ந்து டேலி பார்த்துக்கொண்டிருந்தபோது போன். "இல்ல மாமா" என்றாள். அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு தடவை பாப்பா. பணத்தைப் பத்தி யோசிக்காத."

பி.எஃப்.பில் எடுத்து 4 லட்சம் அனுப்பினேன். 150 இடங்களுக்கு விண்ணப்பித்தால் அந்தக் கட்டணம் மட்டுமே 3,000 டாலருக்கு மேல். ஆஸ்பத்திரியில் கையைக் கட்டி நின்று வேடிக்கை பார்ப்பதற்கு, அப்சர்வர்ஷிப் என்று பெயர், அதற்கும் இடைத்தரகர்களுக்குப் பணம். 2021 மார்ச், இல்லை. மறுபடி நான், "இன்னும் ஒரு தடவை." 2022 மார்ச், இல்லை. படித்து முடித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களின் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காத இடங்கள் நிறைய என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அந்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி வந்திருந்தாள். அக்கா எல்லோரிடமும் "அங்க டாக்டரா இருக்கா" என்றே சொல்லி வைத்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெரியம்மா, "எந்த ஆஸ்பத்திரிம்மா? இந்த மாத்திரைச் சீட்டைக் கொஞ்சம் பாரேன்" என்று நீட்டினார். பாப்பா சீட்டைப் பார்த்து மரியாதையாகப் பதில் சொன்னாள். அப்புறம் மாடியறைக்குப் போனவள் சாயங்காலம் வரைக்கும் இறங்கி வரவில்லை.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்ல? பழக்கதோஷம், "அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, உங்க பேங்க்ல வசூலாகாத கடனுக்கு மேலயே திரும்பத் திரும்பக் கடன் குடுப்பீங்களா?"

கொடுக்க மாட்டோம். 90 நாள் தவணை வராவிட்டால் வாராக்கடன் என்று வகைப்படுத்தி, நஷ்டத்துக்கு ஒதுக்கீடு செய்ய வேண்டும். பழைய கடன் செத்துப்போனது தெரியாமல் இருக்கப் புதுக் கடன் கொடுத்தால் அதற்கு எவர்கிரீனிங் என்று பெயர், ஆடிட்டில் மாட்டினால் சீட்டு கிழியும். இருபது வருஷமாக இதையே வேலையாகச் செய்கிறவன், சொந்த அக்கா மகளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவளுடைய படிப்புக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் "எங்க வீட்டு டாக்டர்" என்று ஊரில் சொல்லிக்கொள்ள நானும் அக்காவும் செய்த செலவு அது.

அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் மொட்டை மாடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். கடன் விண்ணப்பம் பார்ப்பது போலவே ஒவ்வொரு வழிக்கும் நாலு கேள்வி: எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, லைசென்சு வேண்டுமா, அவளுடைய விசாவில் செய்யலாமா. (எச்4 விசாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு 2015-லிருந்து வேலை அனுமதி உண்டு, அது அவளிடம் இருந்தது. அது இல்லாதவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.) எழுதினதைச் சுருக்கித் தருகிறேன்:

1. பிசிஷியன் அசிஸ்டென்ட்: டாக்டர் என்பதால் குறுக்கு வழி கிடையாது. அங்கீகாரம் பெற்ற படிப்பை முழுசாக, ரெண்டு வருஷத்துக்கு மேல் படித்துத் தேர்வு எழுத வேண்டும். செலவும் அதிகம்.

2. நர்சிங்: நோயாளி பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிறவர்களுக்கு. ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம் வெளிநாட்டு டாக்டர்களுக்கென்றே 2002-இல் ஒரு நர்சிங் படிப்பைத் தொடங்கியது. நம்ம ஆட்களுக்கு "டாக்டருக்குப் படிச்சிட்டு நர்சா?" என்ற கேள்விதான் தடை. வேறு தடை இல்லை.

3. பொது சுகாதார முதுகலை, எம்.பி.எச்.: நல்ல படிப்பு. ஆனால் வேலை என்ன என்று தெரியாமல், மேட்ச் வரைக்கும் பொழுதுபோக்கப் படித்தால் இன்னொரு கடன்தான் மிஞ்சும்.

4. மருந்துப் பாதுகாப்பு: மருந்து சாப்பிட்டவருக்கு வந்த உபாதைக்கு அந்த மருந்துதான் காரணமா என்று மதிப்பிடும் வேலை. மருத்துவ அறிவு நேரடியாகப் பயன்படும். நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனிகள் ஏராளம். நம் நாட்டிலும் ஹைதராபாத், பெங்களூரு, சென்னையில் இந்த வேலை உண்டு.

5. மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பாளர்: புது மருந்துச் சோதனையில் நோயாளிகளைச் சேர்ப்பது, சம்மதம் வாங்குவது, பதிவுகள் வைப்பது. லைசென்சு வேண்டாம்.

6. மருத்துவ ஆவணச் சீராக்கம், சுருக்கமாக சி.டி.ஐ. இதைப் பற்றிக் கீழே.

7. ஊர் திரும்புவது: அவளுடைய எம்.பி.பி.எஸ். இங்கே செல்லும். இதை முதலில் நான்தான் சொன்னேன். "குழந்தையையும் அவரையும் ரெண்டு நாட்டுல வச்சுக்கணும் மாமா" என்றாள். அடித்துவிட்டோம்.

பாப்பா ஐந்தாவதில் ஆரம்பித்தாள். அதுவும் சுலபமாகக் கிடைக்கவில்லை. "இவ்வளவு படித்தவர் நாளைக்கு ரெசிடென்சி கிடைத்தால் ஓடிவிடுவார்" என்று நிறைய இடத்தில் ஒதுக்கினார்கள். பரீட்சை மதிப்பெண்களையெல்லாம் பயோடேட்டாவிலிருந்து எடுத்துவிட்டு, இந்த வேலை ஏன் வேண்டும் என்று நாலு வரி எழுதின பிறகுதான் கூப்பிட்டார்கள். 2022 கடைசியில் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு தொகை அனுப்பினாள். நான் திருப்பி அனுப்பவில்லை. வாங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று தோன்றியது.

2024-இல் சி.டி.ஐ. வேலைக்கு மாறினாள். உள்நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, டாக்டர் எழுதினதும் நோயாளியின் உண்மை நிலையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஒரு உதாரணம் சொன்னாள். சோடியம் 118, நோயாளிக்கு இடம், நாள் எதுவும் தெரியவில்லை, குழப்பம். டாக்டர் எழுதியிருப்பது "சோடியம் குறைவு, கவனிக்கவும்" என்று மட்டும். அந்தக் குழப்பத்துக்கு ஒரு நோய்ப்பெயர் உண்டா என்று இவள் கேள்வி அனுப்ப வேண்டும். "இதுதானே?" என்று பதிலை வாயில் திணிக்கக் கூடாது, அது விதி. டாக்டர் சரியாக எழுதினால் நோயின் தீவிரம் ஆவணத்தில் ஏறும், ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணமும் அதைப் பொறுத்தே வரும். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கன்கரன்ட் ஆடிட்டர் வேலை :-)

"சந்தோஷமா இருக்கியா பாப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நோயாளி கையைப் பிடிச்சுப் பார்க்க முடியலையேங்கற வருத்தம் போகல மாமா. போகாது. ஆனா திங்கட்கிழமை காலைல எந்திரிக்க பயமில்ல."

அக்காவுக்குத்தான் இன்னும் நாளானது. போன வருஷம் கோயில் திருவிழாவில் யாரோ கேட்டபோது முதன்முதலாகச் சொன்னாள்: "பெரிய ஆஸ்பத்திரியில டாக்டருங்க எழுதுறதைச் சரிபார்க்கிற வேலை. டாக்டருக்குப் படிச்சவங்கதான் செய்ய முடியும்." நர்சுகளும் செய்கிறார்கள் அக்கா என்று நான் திருத்தப் போகவில்லை.

இப்போது அந்தப் பெரியவருக்கு வருகிறேன். கடன் தர முடியாது என்று நான் சொல்லவில்லை. பத்திரம் சுத்தம், பென்ஷன் வருகிறது, தகுதி இருக்கிறது. டீ வரவழைத்து பாப்பா கதையை முழுக்கச் சொன்னேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இந்த மூணாவது தடவை, உங்க மகள் கேட்டாங்களா, நீங்க சொல்றீங்களா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னார்.

"அவ வேண்டாம்னுதான் சார் சொல்றா."

பாப்பாவிடம் அனுமதி கேட்டு அவள் நம்பரை எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பப் படிவத்தையும் அதையும் சேர்த்து மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு போனார். இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் எதற்கு வந்தாலும் உட்கார வைத்துப் பேசுவேன்.

பி.கு.: ரெண்டு விஷயம். ஒன்று, 2014-இல் மிசௌரியும் 2023-இல் டென்னசியும் ரெசிடென்சி இல்லாத டாக்டர்களுக்கென்று சட்டம் கொண்டுவந்தன, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. வாட்ஸப்பில் வருவதுபோல "இனி ரெசிடென்சியே வேண்டாம்" என்பதல்ல அது. படித்து முடித்த வருஷம், வெளிநாட்டு அனுபவம், குடியேற்ற நிலை என்று ஒவ்வொன்றிலும் நிபந்தனைகள் இருக்கும். படித்துப் பார்த்து இறங்குங்கள். இரண்டு, எத்தனை தடவை முயற்சி என்பதை முதல் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். தோற்ற அன்றைக்கு ராத்திரி அந்த முடிவை எடுக்காதீர்கள். முக்கியமாக, மாமாக்களிடம் கேட்காதீர்கள்.