நூறு கிராம் சிக்கன், நாலு பேர், ஒரு நோட்டு

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குக்கூட நாங்க இவ்வளவு சின்சியரா டேட்டா எடுத்ததில்லை. கோயம்புத்தூர்லயும் சுத்துவட்டாரத்துலயும் நல்ல பொரிச்ச கோழி எங்கே கிடைக்கும்? இதுதான் கேள்வி. ரூம்ல நாலு பேர், ரெண்டு பைக். பீளமேடு, காந்திபுரம், உக்கடம், துடியலூர், சூலூர்னு ஆறு மாசம் சுத்தினோம். கடைக்கு நூறு கிராம், பத்துக்கு மார்க், எல்லாம் ஒரு பழைய லேப் ரெக்கார்டு நோட்டுல. (நான் ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைக் கேளுங்க.)

கேஎஃப்சி மாதிரி பிரஷர் ஃப்ரையர் வெச்ச கடைங்களை லிஸ்ட்ல சேர்க்கல. எல்லா ஊர்லயும் ஒரே டேஸ்ட், அதுல தேட என்ன இருக்கு? எங்க டார்கெட் தள்ளுவண்டியும் சின்ன ஹோட்டலும்தான். சிக்கன் 65, 1965-ல சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஹோட்டல்ல பிறந்ததுன்னு சொல்வாங்க. அங்கிருந்து கோவை வர்றதுக்குள்ள அதுக்குக் கலர் பொடி ரெண்டு மடங்காயிருச்சு போல. சில கடையில சாப்பிட்டா மறுநாள் வரைக்கும் விரல் சிவப்பா இருக்கும்.

பாதி வண்டிங்க தோத்தது ஒரே காரணத்தால. சாயங்காலமே எல்லாத்தையும் அரைவேக்காடா பொரிச்சுக் குவிச்சு வெச்சிடுவாங்க. நாம கேட்டதும் மறுபடி எண்ணெயில போடுவாங்க. எண்ணெய் நல்லா காஞ்சிருந்தா பரவாயில்லை, மேல மொறுமொறுன்னு வரும். கூட்டத்துல அடுப்பைக் கவனிக்காம மொத்தமா அள்ளிப் போட்டா சூடு இறங்கிடும். அப்புறம் கறி எண்ணெயைக் குடிச்சுட்டு ரப்பர் மாதிரி ஆகும்.

மார்க் போடுறப்ப நான் மட்டும் ஒரு வேலை பண்ணுவேன். எலும்பைக் கடிச்சு உடைச்சு உள்ளே பார்ப்பேன். கறுத்திருந்தா அது ஃப்ரீசர் கோழி. பிராய்லர் நாப்பது நாள் சொச்சத்துல வெட்டுற இளங்கோழி, எலும்பு கெட்டியா இருக்காது. உறைய வெச்சா உள்ளே இருக்கிற மஜ்ஜை வெளியே கசிஞ்சு, வெந்ததும் கறுத்துடும். சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா அன்னிக்கு அறுத்த கோழி இல்லைன்னு தெரிஞ்சிடும்.

"இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?"னு சிவில்காரன் கேட்டான்.

"யூட்யூப்"னேன்.

பொய். எங்கப்பாவுக்குத் தாராபுரம் பக்கத்துல பிராய்லர் கடை. ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கே புளியமரக் கட்டையில வெட்டுற சத்தம் கேட்கும். ஸ்கூல்ல கூடப் படிக்கிற பசங்களோட அம்மாங்க கறி வாங்க வந்தா நான் கூண்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். யூனிஃபார்ம்ல வாசனை இருக்கான்னு தினமும் மோந்து பார்த்துட்டுதான் வேன்ல ஏறுவேன். காலேஜ் ஃபார்ம்ல அப்பாவோட தொழில்னு கேட்ட இடத்துல 'பிசினஸ்'னு எழுதினேன். ரூம்மேட்ஸ் துணி பிசினஸ்னு நினைச்சாங்க. மூணு வருஷமா நானும் திருத்தல.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு அக்கா வண்டிக்கு ஒன்பது மார்க். எலும்போட சின்னச் சின்னப் பீஸ், கலர் இல்லை, கேட்டப்புறம்தான் மாவுல பிரட்டுவாங்க. இருபது நிமிஷம் நிக்கணும்.

போன மாசம் அப்பா ஃபீஸ் கட்ட வந்தார். ஹாஸ்டல் வாசல்லயே பார்த்துட்டு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். இவனுங்க விடல. "அப்பா, வாங்கப்பா, ஒரு இடம் காட்டுறோம்"னு அந்த வண்டிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பா வெள்ளைச் சட்டையில, கூச்சமா, பிளாஸ்டிக் ஸ்டூல் நுனியில உட்கார்ந்தார். ஒரு பீஸ் எடுத்துச் சாப்பிட்டார். அப்புறம் எலும்பைக் கடிச்சு உடைச்சு, லைட் பக்கம் திருப்பி உள்ளே பார்த்தார்.

"சாயங்காலம் அறுத்ததுங்களா?"ன்னு அக்காவைக் கேட்டார்.

"ஆமாங்கண்ணா, அஞ்சு மணிக்கு."

சிவில்காரன் மெதுவா என் பக்கம் திரும்பினான். "யூட்யூபா?"

எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. "கடை"ன்னேன். "பிராய்லர் கடை. எங்களுது."

"லூசு"ன்னு சொல்லிட்டு அவன் அப்பா பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "அப்பா, இந்த லெக் பீஸை எப்படி வெட்டினா உள்ளே வரைக்கும் உப்பு இறங்கும்?" அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தட்டுலயே கைவிரலைக் கத்தி மாதிரி வெச்சு, எங்கெங்க கீறணும்னு காட்ட ஆரம்பிச்சார். பஸ்ஸை விட்டுட்டார். அடுத்த பஸ் பத்தரைக்குத்தான்.