றலியும் மலைச் சைக்கிளும்

ஒரு பொருளைப் பழையது என்ற காரணத்தால் கழித்துவிடுவோர் உளர். பழையது என்ற காரணத்தாலேயே போற்றி வைப்போரும் உளர். இரு சாராரும் சிந்திக்கும் தொல்லையிலிருந்து தப்பிக்கொண்டவர்களே. இப்பொருள் இன்னும் எதற்கு உதவும் என்று கேட்கத் தொடங்குபவனுக்கே இக்கட்டு நேர்கின்றது. 2022ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக் கலைப்பீட மாணவன் ஒருவன் அத்தகைய இக்கட்டில் அகப்பட்டான்.

அவனுடைய வீடு புன்னாலைக்கட்டுவனில், பல்கலைக்கழகம் திருநெல்வேலியில். இடையே கிடப்பது பலாலி வீதி. அதுகாறும் தந்தையாரின் மோட்டார்ச் சைக்கிளே அவனைச் சுமந்து வந்தது. அவ்வாண்டு நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றியது, எரிபொருளும் அருகியது. ஜூலையில் தொடங்கிய பங்கீட்டு முறையின்படி மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் ஒன்றுக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அது தந்தையாரின் தொழிலுக்கே போதவில்லை. ஆகவே மகனுக்கும், நகரிலே உயர்தர வகுப்புக்குச் செல்லும் தங்கைக்கும் சைக்கிளே கதியாயிற்று.

வீட்டின் பின் விறாந்தையில் இரண்டு சைக்கிள்கள் சாத்தப்பட்டுக் கிடந்தன. ஒன்று, பாட்டனார் 1958இல் வாங்கிய றலி. 28 அங்குலச் சக்கரமும் கம்பிப் பிறேக்கும் உடையது. மற்றையது, 2003இல் தாயாருக்கென வாங்கிய லுமாலா லேடிஸ் சைக்கிள். இரண்டினதும் ரயர்கள் காய்ந்து வெடித்திருந்தன. நகரத்துக் கடை வாசலிலோ, 21 கியர்களும், முன்புறத்தே அதிர்வு தாங்கும் சுருள்வில்லும், முரட்டு ரயர்களும் கொண்ட மலைச் சைக்கிள் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது.

சிறுவருக்குப் பாடஞ் சொல்லி இரண்டாண்டுகளாகச் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. அந்தப் புதியதை வாங்கினால் பணம் அடியோடு தீரும். தங்கைக்கு எதுவும் மிஞ்சாது. இதனை அவன் அறிந்திருந்தான். அறிந்துகொண்டே தனக்குச் சாதகமான நியாயங்களைத் தேடினான். பழையது நடுவழியிலே கைவிடும் என்றும், காலத்துக்கேற்ப மாறவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டான். வெளியிற் சொல்லாத நியாயம் ஒன்றும் இருந்தது. பாட்டனாரின் றலியிலே பல்கலைக்கழக வாயிலுக்குள் நுழைவதற்கு அவன் கூசினான்.

மலையே இல்லாத குடாநாட்டிலே மலைச் சைக்கிள் எதற்கு என்று முதலிற் கேட்டவள் தங்கைதான். அதற்கு விடை தேடப்போய் அவன் அச்சைக்கிளின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியிலே, தமல்பாயிஸ் மலையைச் சூழ்ந்த மண்பாதைகளில் விரைந்திறங்கி விளையாடிய இளைஞர், அதற்கெனப் புதுச் சைக்கிள் எதனையும் வாங்கவில்லை; வாங்குவதற்கு அன்று அப்படியொன்று இருக்கவுமில்லை. 1930களிலும் 40களிலும் செய்யப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டிருந்த, தடித்த ரயர் கொண்ட ஷ்வின் சைக்கிள்களைத் தேடியெடுத்துத் திருத்தி ஓட்டினர். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ‘றீபாக்’ என்று பெயர். இறக்கத்திலே பின்சக்கரத்துப் பிறேக் சூடேறி, உள்ளிருக்கும் கிறீஸ் புகைந்துபோகும். ஓட்டம் முடிந்ததும் மறுபடி கிறீஸ் அடைக்க வேண்டும். அதுவே பெயர்க் காரணம். 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் மலைப்பாதைக்கென்றே புதிய பிறேம் ஒன்றைக் கட்டியபோதும், அப்பழைய சைக்கிள்களின் 26 அங்குலச் சக்கர அளவையே கைக்கொண்டார். பின்னர் பல ஆண்டுகள் மலைச் சைக்கிளின் அளவாக அதுவே நிலைத்தது. பழையதைத் திருத்தியவர்களே புதியதைப் படைத்தார்கள் என்ற செய்தி அவனுடைய நியாயங்களைச் சற்றே ஆட்டிவிட்டது.

றலியின்மீது தந்தையாருக்கு இருந்த பற்றை வீடே அறியும். 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபின் பெற்றோலும் பற்றரியும் கிடைத்தற்கரியனவாயின. அந்நாளில் றலியை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவின் மின்னிலே அயலவர் வானொலிச் செய்தி கேட்க வழி செய்தவர் அவர். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நோயுற்றிருந்த தம் தாயாரைக் கரியரில் இருத்தி, மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு உருட்டிச் சென்றவரும் அவரே. ஆதலால் அவர் தடுப்பார் என்றே மகன் எதிர்பார்த்தான். அவரோ, “அது செய்யவேண்டியதைச் செய்து முடிச்சிட்டுது தம்பி. எனக்காக வைச்சிருக்காதை. உனக்கு உதவாதெண்டால் ஆருக்கும் குடுத்துவிடு” என்றார்.

எதிர்ப்பு இல்லாது போகவே பிடிவாதத்துக்கும் இடமில்லாது போயிற்று. இனி அவனே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்கு இரண்டையும் உருட்டிச் சென்றான். கடைக்காரர் றலியின் பிறேமைத் தட்டிப் பார்த்தார். “இரும்பு நல்லாயிருக்கு தம்பி. இது உடைஞ்சாலும் ஒட்டலாம். அலுமினியம் வெடிச்சுதெண்டால் நான் கைவைக்க மாட்டன்” என்றார். தார் வீதியிலே முரட்டு ரயர் கால்களுக்கு வேலையைக் கூட்டும் என்பதையும், மிதிக்கும் வலுவில் ஒரு பங்கைச் சுருள்வில் விழுங்கிவிடும் என்பதையும் விளக்கினார். மலைநாட்டு ஏற்றத்திலே கியர் இல்லாத றலி ஒரு தண்டனைதான் என்று ஒப்புக்கொள்ளவும் அவர் தவறவில்லை. நான்கு ரயர், நான்கு ரியூப், இரண்டு செயின், பிறேக் கட்டைகள், ஒரு பிறீவீல் ஆகிய இவ்வளவுக்கும் புதியதன் விலையில் அரைப்பங்கும் ஆகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பலாலி வீதியிலே தங்கை லுமாலாவில் முன்னே சென்றாள். அவன் றலியில் பின்னே சென்றான். வாயிலில் நுழைகையில் அவனுக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்தது. அது நீங்க ஒரு வாரம் பிடித்தது. கடை வாசலைக் கடக்கும்போது கண் அப்பக்கம் திரும்புவது அதன் பின்னும் நிற்கவில்லை. நாளை மலைநாட்டிலே தொழில் கிடைக்குமாயின் அவன் அத்தகைய சைக்கிள் ஒன்றை வாங்கவுங் கூடும், அதிற் பிழையுமில்லை. ஆனால் இருவர் புறப்படவேண்டிய வீட்டிலே ஒருவனை மட்டும் ஏற்றிச் செல்லும் புதுமை, அன்றைய தேவைக்குரிய புதுமையாக இருக்கவில்லை.