எங்கள் ஊர் ஆறு

பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது பிரான்ஸ் நாட்டு மாவட்டங்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். மார்ன், தார்ன், லோத் என்று பாதிக்கு மேல் ஆற்றுப் பெயர்கள். 1790-ல் அரசர் காலத்து மாகாணங்களைக் கலைத்துவிட்டு 83 மாவட்டங்களாக்கியபோது அப்படிப் பெயரிட்டார்கள். கண்ணால் பார்க்காத அந்த ஆறுகள் எல்லாம் இன்னும் நாக்கில் நிற்கின்றன.

பிறகு எழுத்தர் வேலை கிடைத்து ஆவடிப் பக்கம் வந்து குடியேறினேன். பிரெஞ்சுக்காரன் கணக்குப்படி எங்கள் பூந்தமல்லி வட்டத்துக்குக் கூவம் என்றுதான் பெயர் வைக்க வேண்டும். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்!

கூவம் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். திருவள்ளூருக்குத் தென்மேற்கே இருக்கிறது. அங்குள்ள சிவன் கோவில்தான் சம்பந்தர் பாடிய திருவிற்கோலம். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரியும் தண்ணீரும், கூவம் ஏரியின் உபரி நீரும் சேர்ந்து இந்த ஆறு உண்டாகிறது. மணவாள நகர், பருத்திப்பட்டு வழியாகத் திருவேற்காடு வருகிறது. அதுவும் சம்பந்தர் பாடிய தலம். மதுரவாயல் தாண்டிய பிறகுதான் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் கூவம்.

1997-ல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் வந்தது. 2011-ல் அம்பத்தூர் சென்னையோடு போயிற்று, 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது. ஒவ்வொரு தடவையும் பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்பு, கோப்பு அட்டை எல்லாம் மாறும். எந்த எல்லைக்கோட்டையும் ஆற்றை நினைத்துப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பூந்தமல்லிக்கு மேற்கே ஜமீன் கொரட்டூரில் (அம்பத்தூர் பக்கத்துக் கொரட்டூர் வேறு) கூவத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கிருந்து புதிய பங்காரு கால்வாய் வழியாகத் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியிலிருந்துதான் சென்னைக்குக் குடிநீர். ஏரி நிரம்பித் திறந்துவிட்டால் அதே தண்ணீர் அடையாற்றில் இறங்கிவிடும். கூவம் என்றாலே முகம் சுளிக்கிறவர் வீட்டுக் குழாயிலும் கொஞ்சம் கூவம் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தபின் பருத்திப்பட்டுப் பாலத்தில் நின்று பாருங்கள். செம்மண் நிறத்தில் நுரையோடு வரும். போன மழைக்கு என் பேரனைக் கூட்டிப் போனேன். "தாத்தா, இது என்ன கால்வாய்?" என்றான். ஆறுடா என்றேன். நம்பவில்லை.

திருவேற்காட்டில் இந்த ஆற்றில் இறங்கிக் குளித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எந்த வருஷம், எந்த இடம் என்று எழுதுங்கள். அவனுக்குக் காட்ட வேண்டும்.