கால் குதிரை!

'பத்து பைசா செலவில்லாம உங்க கார்ல எக்ஸ்ட்ரா பவர்!'

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டால், மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பையன் என்ன செய்வான்? பார்த்துட்டுத் தூங்கிடுவான்னு நினைச்சீங்கன்னா... ஸாரி பாஸ், எங்க டிபார்ட்மென்ட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியலை!

மேட்டர் இதுதான். கார் என்ஜினுக்குள் காத்து போகிற வாசல்தான் த்ராட்டில் பாடி. நாம ஆக்சிலேட்டரை மிதிச்சா அதுக்குள்ள இருக்கிற வட்டத் தகடு திறக்கும், காத்து உள்ளே போகும். நிறைய கார்களில் இந்த வாசலைச் சுத்தி ரெண்டு குட்டி ஹோஸ் வழியா என்ஜினோட கூலன்ட் ஓடும். கூலன்ட்னு பேர்தான் ஜில்லுனு இருக்கே தவிர, ஓடுற என்ஜினில் அது கிட்டத்தட்ட 90 டிகிரி சூட்டில் இருக்கும். 'போற காத்தை எதுக்குய்யா சூடாக்குறீங்க? குளிர்ந்த காத்துல ஆக்சிஜன் ஜாஸ்தி, பவரும் ஜாஸ்தி. அந்த ரெண்டு ஹோஸையும் கழட்டி, ஒண்ணோட ஒண்ணு நேரா சேர்த்து விடுங்க. பவர் ஃப்ரீ!' - இதுதான் வீடியோ சொன்ன ரகசியம்.

எவ்ளோ லாஜிக்கா இருக்கு! தெர்மோ பேப்பரை ரெண்டாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் பண்ணினவனுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

பரிசோதனை பண்ண ஒரு கார் வேணுமே... வீட்டு வாசல்லயே நின்னுச்சு. எங்க ஊர் மேட்டுப்பாளையம். அப்பா டாக்ஸி டிரைவர். செகண்ட் ஹேண்டில் வாங்கின பழைய பெட்ரோல் கார்தான் எங்க வீட்டுச் சோறு, என்னோட செமஸ்டர் ஃபீஸ், எல்லாமே. ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா நைட் டிரிப் முடிச்சுட்டு வந்து தூங்கிட்டு இருந்தார். பானெட்டைத் திறந்தேன். ரெண்டு கிளிப், ஒரு துண்டு ஹோஸ், அரை மணி நேரம். வேலை ஓவர்!

தெருமுனை வரைக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ். ஃபர்ஸ்ட் கியர் போட்டு க்ளட்ச்சை விட்டேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை... வண்டி தானா பாய்ஞ்சுக்கிட்டுப் போகுது! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஹாஸ்டல் குரூப்புக்கு உடனே மெசேஜ் தட்டினேன். 'மச்சி, வொர்க் அவுட் ஆயிடுச்சுடா!' அப்பாகிட்ட மட்டும் சொல்லலை. வண்டியில கை வெச்சேன்னு தெரிஞ்சா திட்டுவாரேன்னு ஒரு பயம்.

மூணாவது நாள் அப்பாவே கூப்பிட்டார். "கண்ணு, வண்டி நின்னா உறுமிட்டே நிக்குது. நீ மெக்கானிக்கல்தான படிக்கிற, கொஞ்சம் என்னன்னு பாரேன்." அதை அவர் சொன்ன தோரணை இருக்கே... பக்கத்து வீட்டு மாமா காதுல விழணும்கிற மாதிரி ஒரு பெருமை. நான் பானெட்டைத் திறந்து, அங்க இங்க தட்டி, "ஏர் ஃபில்டர் அடைச்சிருக்குங்கப்பா"ன்னு சொன்னேன். அவரும் நம்பி, புது ஃபில்டர் வாங்கிப் போட்டார்.

உறுமல் நிக்கலை. 800 பக்கத்தில் நிக்க வேண்டிய ஆர்.பி.எம். முள் 1,400-ஐ விட்டு இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சது. மைலேஜும் இறங்கிடுச்சு. பெட்ரோல்ல ஏதோ கலப்படம்னு நினைச்சு அப்பா பங்க்கை மாத்தினார். நான் வாயைத் திறக்கலை.

பத்தாவது நாள் ராத்திரி, சாப்பிடும்போது அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தார். "ஊட்டியிலிருந்து ஒரு ஃபேமிலியை இறக்கிட்டு வந்தேன். ரெண்டு சின்னப் புள்ளைங்க பின்னாடி. குன்னூர் தாண்டுனதுலேர்ந்து வண்டி கைல நிக்கவே இல்ல. செகண்ட் கியர்ல விட்டாலும் தள்ளிக்கிட்டே போகுது. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு, பர்லியாறு வர்றதுக்குள்ள கருகின நாத்தம். ஓரங்கட்டி, டயருக்குக் கல்லு வெச்சு, முக்கா மணி நேரம் ஆற விட்டேன். இருவது வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."

எனக்கு சோறு தொண்டையில் நின்னுடுச்சு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வர சுமார் 50 கிலோமீட்டருக்குள்ள ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்கணும். அந்த ரோட்டில் பாதி பிரேக் காலில் இல்லை, கியரில்தான் இருக்குன்னு எங்க ஊர்ல சைக்கிள் ஓட்டுற பையனுக்குக் கூடத் தெரியும். அப்போகூட எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. ரெண்டு ஹோஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மறுநாள் காலைல அப்பாவோட நானும் மெக்கானிக் அண்ணா ஷெட்டுக்குப் போனேன். அவர் ஸ்கேனர் எதையும் எடுக்கலை. என்ஜின் சூடாகிற வரைக்கும் ஓட விட்டுட்டு, த்ராட்டில் பாடியைப் புறங்கையால் தொட்டார். அவ்ளோதான். "இதைத் தொட்டா சுடணுமே, வெதுவெதுன்னு கெடக்குது?"ன்னு ஹோஸைத் தடவிக்கிட்டே போனவர், நான் சேர்த்த துண்டில் வந்து நின்னார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பா இருந்ததால ஒண்ணும் கேக்கலை.

"நான்தாங்கப்பா மாத்தினேன்." எப்படிச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியலை.

அப்பா எதுவும் பேசாம டீக்கடைப் பக்கம் போயிட்டார். அடிச்சிருந்தாக் கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அப்புறம் அண்ணா பாடம் எடுத்தார். எந்த லெக்சரரும் இவ்ளோ சிம்பிளா எடுத்ததில்லை. அந்தக் கூலன்ட்டுக்கு இந்த வண்டியில் ரெண்டு வேலை. ஒண்ணு, குளிர்காலத்துக்கு. பாதி மூடின தகட்டைத் தாண்டும்போது காத்தோட அழுத்தம் குறையும், குளிரும். காத்தில் ஈரம் இருந்தால், வெளியே பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே உள்ளே ஐஸ் கட்டி, தகடு ஒட்டிக்கலாம். பழைய கார்புரேட்டர் வெச்ச குட்டி விமானங்களில், இதுக்காகவே சூடான காத்தைத் திருப்பி விட பைலட் கையில் ஒரு லீவர் இருக்கும். 'மேட்டுப்பாளையத்துல ஏதுங்ணா ஐஸ்?'னு கேட்டேன். "உங்கப்பா மார்கழி விடிகாலையில எங்க தம்பி வண்டி ஓட்டுறார்?"னு திருப்பிக் கேட்டார். உறைபனி விழுற ஊட்டியில!

ரெண்டாவது வேலைதான் என் மானத்தை வாங்கினது. அந்த மாடல் வண்டியில் த்ராட்டில் பாடிக்கு அடியில் மெழுகு வெச்ச ஒரு வால்வு இருக்கு. என்ஜின் குளிர்ந்து கிடந்தால் அது திறந்து, கொஞ்சம் கூடுதல் காத்து விடும். அதனால ஸ்டார்ட் பண்ணின உடனே ஆர்.பி.எம். ஏறி நிக்கும். கூலன்ட் சூடானதும் மெழுகு உருகி விரிஞ்சு வால்வை மூடிடும், ஐடிலிங் இறங்கிடும். நான் சூட்டையே நிறுத்திட்டேனா... மெழுகு உருகவே இல்லை. வால்வு மூடவே இல்லை. என்ஜின் கொதிச்சாலும், அந்த வால்வைப் பொறுத்தவரை எப்பவும் விடியக்காலைதான்! இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால், காத்து வழி அடைபட்டு என்ஜின் வண்டியைப் பிடிச்சு இழுக்கணும். வழி திறந்தே கிடந்தால் அந்தப் பிடி குறைஞ்சிடும். மிச்சத்தை அப்பாவோட பிரேக் சுமந்துச்சு.

ஆக, தெருமுனையில் எனக்குப் புல்லரிச்ச அந்தப் 'பவர்'? பவரே இல்லை மக்களே. மூடாத வால்வு!

அன்னிக்கு ராத்திரி ஹீட் டிரான்ஸ்ஃபர் புக்கை முதல் தடவையா, எக்ஸாம் இல்லாதப்போ திறந்தேன். 1,300 சி.சி. என்ஜின், 5,000 ஆர்.பி.எம். ஒரு நொடிக்குத் தோராயமா 46 லிட்டர் காத்து. 50 மி.மீ. வாசலில் அது நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் பறக்கும். அஞ்சு சென்டிமீட்டர் சூடான சுவரைத் தாண்ட ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்தான். அதுக்குள்ள எவ்ளோ சூடாகும்? என் கணக்கில் வந்தது சுமார் 1 டிகிரி. 30 டிகிரி காத்துன்னா 303 கெல்வின். அதில் ஒண்ணு போனால், மூணு சதவிகிதம் இல்லை, 0.3 சதவிகிதம். 80 குதிரை சக்தி என்ஜினில் கால் குதிரை. அதாவது குதிரையோட ஒரு கால்! அதுவும் ஃபுல்லா மிதிச்சால்தான்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். எல்லாக் காரிலும் என் கதி ஆகாது. எலெக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் ஐடிலிங்கை கம்ப்யூட்டரே பார்த்துக்கும், மெழுகு வால்வு தேவையில்லை. ரேஸ் டிராக் ஆட்கள் அடிக்கடி என்ஜினைப் பிரிப்பாங்க, ஹோஸ் குறைஞ்சால் அவங்களுக்கு வேலை குறையும். அவங்களுக்கு அதில் ஒரு அர்த்தம் இருக்கு. ஆனா அவங்க எதைக் கழட்டுறோம்னு தெரிஞ்சு கழட்டுறாங்க. நான் 'இது தேவையில்லாதது'ன்னு முடிவு பண்ணிட்டுக் கழட்டினேன். அது எதுக்கு இருக்குன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை.

அண்ணா ஹோஸைப் பழையபடி மாட்டி, சிஸ்டத்தில் காத்து எடுத்து, கூலன்ட் நிரப்பி, பிரேக் பேடையும் மாத்திக் கொடுத்தார். அப்பா ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. மூணாம் நாள் வண்டியைத் துடைச்சுக்கிட்டே, முகத்தைப் பார்க்காம சொன்னார். "நீ கழட்டுனது பெரிய தப்பில்ல கண்ணு. படிக்கிற புள்ள, கை சும்மா இருக்காது. நான் கேட்டப்ப ஏர் ஃபில்டர்னு சொன்ன பாரு... அதை நம்பித்தான்டா அந்தப் புள்ளைங்களை உக்கார வெச்சு இறக்கினேன்."

பதில் சொல்ல எனக்கு வாய் வரலை. இப்போ எழுதும்போதும் வரலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவே பானெட்டைத் திறந்து வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டார். "வா, எது எது எதுக்குன்னு சொல்லு." ஒவ்வொரு ஹோஸாத் தொட்டுக் காட்டிச் சொல்லிட்டே வந்தேன். நாலாவது ஹோஸில் மாட்டிக்கிட்டேன்.

"தெரியலைங்கப்பா. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அப்பா சிரிச்சார். பத்து நாளா உறுமின என்ஜின் அப்போ 800-ல், சத்தமே இல்லாம ஓடிட்டு இருந்துச்சு.