பத்து டொலர் வீரரை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?

ஃபான்டசி பேஸ்போல் மைதானத்தில் ஆடப்படுவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுகூடி, அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்மையில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களை ஏலத்தில் எடுத்து, ஆளுக்கொரு அணியைத் தாளில் அமைத்துக்கொள்வார்கள். அந்த வீரர்கள் தங்கள் சொந்த அணிகளுக்காக அடிக்கும் அடியும் எறியும் பந்தும் இந்தத் தாள் அணிகளின் கணக்கில் ஏறும். ஆறு மாதம் கழித்து யாருடைய கணக்கு மேலே நிற்கிறதோ, பட்டம் அவருக்கு. பருவம் முடிந்ததும் எல்லா அணிகளையும் கலைத்து அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கினால் அது சாதாரண லீக். சில வீரர்களை, வாங்கிய விலையிலேயே, அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது கீப்பர் லீக். இந்த ஒரு விதி சேர்ந்தவுடன் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. போன வருடத்துக் கெட்டித்தனமும் போன வருடத்து மடத்தனமும் இந்த வருட ஏலத்துக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருக்கிற உடையார்கட்டு போன்ற ஊருக்கு இந்த ஆட்டம் வருவதென்றால் வெளிநாட்டுச் சொந்தங்கள் வழியாகத்தான் வரும். வன்னிப் பள்ளிக்கூடங்களில் பேஸ்போலுக்குக் கிட்ட நிற்பது எல்லே. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, தரிப்பிடம் தரிப்பிடமாக ஓடிச் சுற்று முடிப்பது. ஓடுகையில் பந்தால் எறிபட்டால் ஆட்டமிழப்பது. எல்லே ஆடியவருக்கு பேஸ்போல் புரிய அரை மணித்தியாலம் போதும். ஆனால் ஃபான்டசிக்குத் தேவை ஆட்டம் மட்டுமல்ல, அன்றாடம் பதிவாகும் புள்ளிவிவரமும்தான். அது ரொறன்ரோவில் இருக்கிறது. ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு புளூ ஜேய்ஸ் சொந்த அணி. 2025இல் அந்த அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய், பதினோராவது இன்னிங்ஸில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் 5–4 என்று தோற்றது. ரொறன்ரோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் கோடைகால ஆட்டம் உடையார்கட்டில் விடிய நாலரைக்குத் தொடங்கும். நாட்காட்டியும் வன்னிக்குப் பொருந்தித்தான் வருகிறது. காலபோக அறுவடை ஓய்ந்த பங்குனிக் கடைசியில் பருவம் தொடங்குகிறது. அணிக்கு 162 ஆட்டங்கள் முடிந்து, அடுத்த காலபோகத்துக்கு வயல் உழும் புரட்டாதியில் அடங்குகிறது.

இந்த ஆட்டத்தின் முன்னோர் ஒரு பல்கலைக்கழக அறையில் இருந்தார்கள். ஹார்வர்டில் இருந்த சமூகவியலாளர் வில்லியம் காம்சன் 1960இல் நண்பர்களோடு ‘பேஸ்போல் செமினார்’ என்ற பெயரில் இதைச் சிறிய அளவில் நடத்தினார். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அது பரவியபோது, அங்கே ரொபர்ட் ஸ்க்ளார் என்ற ஆசிரியரிடம் படித்த டானியல் ஓக்ரென்ட்டின் காதிலும் விழுந்தது. 1979 நவம்பரில் டெக்சஸுக்குப் பறக்கும் விமானத்தில் ஓக்ரென்ட் விதிகளை எழுதினார். டெக்சஸ் நண்பர்கள் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. நியூயோர்க்கில் ‘லா ரோட்டிசரி ஃபிரான்சேஸ்’ என்ற உணவகத்தில் கூடியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் இந்த வகை லீக்குக்கு ரோட்டிசரி என்று பெயர். 1980இல் முதல் பருவம். முதல் பட்டம் பீட்டர் கெதர்ஸும் கிளென் வகொனரும் சேர்ந்து நடத்திய அணிக்குப் போயிற்று. வென்றவர் தலையில் ஷாம்பெயினுக்குப் பதிலாக யூ-ஹூ என்ற சொக்லேட் பானத்தை ஊற்றுவது வழக்கமாயிற்று. ஓக்ரென்ட், தானே தொடங்கிய லீக்கில் ஒருமுறையும் வென்றதில்லை.

அவர்கள் வகுத்த ஏற்பாடு இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அணிக்கு 23 பேர், அதில் 9 பேர் பந்து எறிபவர்கள். செலவழிக்க 260 டொலர். தொடக்கத்தில் எட்டு இனங்களில் கணக்கு: அடிப்பவர்களுக்கு நான்கு, எறிபவர்களுக்கு நான்கு. பன்னிரண்டு அணி லீக்கில் ஓர் இனத்தில் முதலாவதாக வருபவருக்கு 12 புள்ளி, கடைசியாக வருபவருக்கு 1. ஹோம் ரன்னில் நூறு கூட அடித்தாலும் அதே 12தான். ஆகவே ஓர் இனத்தில் மலையாகக் குவிப்பதில் பலனில்லை. மிஞ்சியதைக் கொடுத்துக் குறைந்ததை வாங்கத் தெரியவேண்டும். எறிபவர் ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைத் தளத்தில் ஏறவிட்டார் என்று அளக்கும் ‘விப்’ என்ற கணக்கை ஓக்ரென்ட்டே இந்த ஆட்டத்துக்காகக் கண்டுபிடித்தார். அது இன்று ஃபான்டசியைத் தாண்டி, உண்மையான ஆட்டத்தின் தொலைக்காட்சித் திரையிலும் வருகிறது.

தக்கவைக்கும் விதியும் ரோட்டிசரிக்காரரின் பழைய விதிப்புத்தகத்திலேயே உண்டு. 10 டொலருக்கு எடுத்த வீரரை இரண்டாம் வருடமும் 10 டொலருக்கே வைத்திருக்கலாம். மூன்றாம் வருடம் தீர்மானிக்கும் வருடம். விட்டுவிடலாம், அதே விலைக்கு அந்த வருடம் மட்டும் ஆடவிட்டு ஏலத்துக்கு அனுப்பலாம், அல்லது நீண்ட ஒப்பந்தம் போடலாம். ஒப்பந்தத்தில் கூட்டும் ஒவ்வொரு வருடத்துக்கும் 5 டொலர் ஏறும். விலாதிமிர் குரேரோ இளையவர் 2025இல் புளூ ஜேய்ஸோடு 14 வருடத்துக்கு 50 கோடி டொலர் ஒப்பந்தம் செய்தார். அந்தத் தொகை இங்கே செல்லாது. இங்கே அவருக்கு விலை, அந்தப் பன்னிரண்டு பேரில் யாரோ ஒருவர் கை உயர்த்திச் சொன்ன விலைதான்.

ஏலத்தில் கூடச் சறுக்கும் இடம், தக்கவைத்தலால் வரும் விலையேற்றம். பன்னிரண்டு பேர் கையிலும் ஆளுக்கு 260 என்றால் மொத்தம் 3,120 டொலர். அறுபது வீரர்களை 600 டொலருக்குத் தக்கவைத்திருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய உண்மைப் பெறுமதி 1,100 என்று வைத்துக்கொள்ளலாம். மேசையில் மிஞ்சுவது 2,520 டொலர். வாங்கக் கிடக்கும் சரக்கோ 2,020 டொலருக்குத்தான். காசு கூடி, சரக்குக் குறைந்துவிட்டது. எனவே 40 டொலர் பெறுமதியானவர் 50 டொலருக்குப் போவார். இதைக் கணக்கிடாமல் பழைய விலைப்பட்டியலோடு வந்தவர், முதல் ஒரு மணித்தியாலம் எல்லாரும் பைத்தியக்கார விலை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக் கை கட்டி இருப்பார். கடைசியில் அவர் கையில் காசு இருக்கும், ஆள் இருக்காது.

யாரைத் தக்கவைப்பது என்பதற்கும் அதே கணக்குத்தான். 45 டொலர் பெறுமதியான நட்சத்திரத்தை 45 டொலருக்கு வைத்திருப்பதில் இலாபமில்லை என்று முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் ஏலத்தில் அவர் 56 வரை போவார் என்றால், வைத்திருப்பதில் 11 டொலர் மிச்சம். 22 பெறுமதியான ஒருவரை 10க்கு வைத்திருந்தால், ஏல விலை 27 என்ற கணக்கில், மிச்சம் 17. இரண்டையும் அருகருகே எழுதிப் பார்க்காமல் பெயரைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஒவ்வொரு லீக்கிலும் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் பிழைப்பில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தக் கணக்கின் நிசமான வடிவம் கிரிக்கெட்டில் கிடைக்கிறது. சென்னைக்காரரான சாய் சுதர்சனை 2022இல் ஐபிஎல் அணியான குஜராத் டைட்டன்ஸ் அடிப்படை விலையான 20 இலட்சம் இந்திய ரூபாய்க்கு எடுத்தது. 2023 பெப்ரவரியில் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முறையாக ஏலம் நடத்தியபோது, கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 இலட்சம். மாநில லீக்கின் விலை ஐபிஎல் விலையைத் தாண்டிற்று. அதே வருடம் மே மாதம், சென்னைக்கு எதிரான இறுதிப் போட்டியில் அந்த 20 இலட்சக்காரர் 47 பந்தில் 96 ஓட்டங்கள் எடுத்தார். கீப்பர் லீக் ஆடுபவர்கள் கனவு காண்பது இப்படியொரு வீரரைத்தான். 2025 பருவத்துக்கு அவரைத் தக்கவைக்க குஜராத் 8.5 கோடி கொடுக்க வேண்டியிருந்தது. அவர் 759 ஓட்டங்களோடு அந்தப் பருவத்தின் முதல் ஓட்டக்குவிப்பாளரானார். ஐபிஎல் இடையிடையே மகா ஏலம் வைத்து அணிகளைக் கலைத்துப்போடுவதும், ரோட்டிசரிக்காரர் ஒப்பந்தத்துக்கு வருட எல்லை வைத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். ஒருமுறை மலிவாகக் கிடைத்தவரை ஒருவர் ஆயுள் முழுக்க வைத்திருந்தால் மற்றவர்கள் ஆட வரமாட்டார்கள். விதியை வளைக்கும் கலையும் இரண்டுக்கும் பொது. ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியரைச் சர்வதேச அனுபவமில்லாதவர் என்று கணக்கெடுக்கலாம் என்ற விதியால், 2025க்கு சென்னை அணி தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது. இந்தியாவுக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த தலைவர் அனுபவமில்லாதவர் ஆனார். விதிப்புத்தகத்தில் அதற்கு இடமிருந்தது.

பருவம் பாதி தாண்டியதும் கீப்பர் லீக்கின் கசப்பான பகுதி தொடங்கும். பத்தாம் இடத்தில் இருப்பவருக்கு இந்த வருடம் போய்விட்டது. அவரிடம் 48 டொலருக்கு எடுத்த, அடுத்த வருடம் எப்படியும் விடப்போகிற நட்சத்திரம் இருக்கிறார். இரண்டாம் இடத்தில் இருப்பவரிடம் 3 டொலர் விலையில் இன்னும் முழுதாக ஆடத்தொடங்காத இளம்பையன் இருக்கிறான். மாற்றிக்கொண்டால் இருவருக்கும் இலாபம். முதலாம் இடத்தில் இருப்பவருக்குத்தான் வயிறு எரியும். இப்படிக் கழித்துக்கட்டும் பரிமாற்றம் நியாயமா என்பதில் நாற்பது வருடமாகச் சண்டை. இரண்டு பக்கமும் நன்மை காண்கிற பரிமாற்றத்தை, ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மறிக்கக்கூடாது. தங்கள் சொந்த நன்மையை விட்டு மூன்றாமவருக்குக் குழி வெட்டவோ, நண்பனைத் தூக்கிவிடவோ செய்வதை மட்டுமே மறிக்கவேண்டும். மிச்சத்தை விதியால் கட்டலாம்: பரிமாற்றத்துக்கு ஆகஸ்டில் ஒரு கடைசி நாள், பருவத்தின் நடுவிலும் அணியின் மொத்த விலைக்கு ஓர் உச்சவரம்பு, கடைசி இடத்துக்கு ஒரு சிறு தண்டம். தோற்றவரும் புரட்டாதி வரை அணியைப் பார்த்துக்கொள்ள ஏதோவொரு காரணம் வேண்டும்.

இதையெல்லாம் பார்ப்பவர் ஆணையாளர். சீட்டுப் பிடிப்பவருக்கு ஊரில் இருக்கவேண்டிய குணம்தான் இவருக்கும் வேண்டும்: கணக்குச் சுத்தம், எல்லாரையும் ஒரே குரலில் விரட்டும் துணிவு, தானும் ஓர் அங்கத்தவர் என்பதால் வரும் சந்தேகத்தைத் தாங்கும் தோல். அவருடைய முதல் சொத்து விலைப் பதிவேடு. யார், யாரை, எந்த வருடம், என்ன விலைக்கு எடுத்தார், ஒப்பந்தம் எந்த வருடம் முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். சாதாரண லீக்கில் பதிவேடு தொலைந்தால் ஒரு பருவம் கெடும். கீப்பர் லீக்கில் தொலைந்தால் லீக்கே போய்விடும். ரொறன்ரோ, லண்டன், உடையார்கட்டு என்று ஆட்கள் பிரிந்திருந்தால் கடைசி நேரத்தை எந்த ஊர் மணிக்கூட்டின்படி என்று எழுதிவைக்கவேண்டும். இது அற்ப விடயம் போலத் தெரியும். வெள்ளி நள்ளிரவு என்று மட்டும் எழுதினால், கோடையில் ரொறன்ரோவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில் ஒன்பதரை மணித்தியாலத் தகராறு காத்திருக்கிறது. விதியை நடுப்பருவத்தில் மாற்றக்கூடாது. மாற்றத் தீர்மானித்தாலும் அடுத்த பருவத்திலிருந்துதான். விதி எழுதப்படாத நிலைமையும் வரும். அதற்கு உதாரணமாக ஷோஹெய் ஓதானியைச் சொல்லலாம். அடிக்கவும் எறியவும் ஒருவரே வந்தபோது, ஃபான்டசி லீக்குகளை நடத்தும் யாகூ தளம் அவரை இரண்டு தனி வீரர்களாகப் பிரித்தது. எந்த விதிப்புத்தகத்திலும் அப்படியொரு ஆளுக்கு முன்கூட்டியே இடம் இருந்ததில்லை.

பேஸ்போல் வேண்டாம், கிரிக்கெட்டில் நடத்துவோம் என்றால் நடத்தலாம். ஆனால் துணி சிறியது. ஐபிஎல்லில் ஓர் அணி பிளே-ஓஃபுக்கு முன் 14 ஆட்டம்தான் ஆடும். ஒரு காயம் வந்தாலே பருவம் போய்விடும். நீண்ட கணக்கில் தெரியும் திறமை, குறுகிய கணக்கில் அதிர்ஷ்டமாகவே தெரியும். காயப்பட்டவருக்கு மாற்று எடுக்கும் விதி இங்கே உயிர்நாடி. 2024இல் இலங்கை வீரர் ஹசரங்க காயத்தால் விலகியபோது சன்ரைசர்ஸ் ஹைதராபாத் யாழ்ப்பாணத்து வியாஸ்காந்தை அப்படித்தான் எடுத்தது. லங்கா பிரீமியர் லீக் இன்னும் சிறியது. 2023இல்தான் ஏல முறைக்கு வந்தது. ஐபிஎல்லையும் அதையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து நடத்தினால் வருடத்துக்கு இரண்டு பருவமாவது கிடைக்கும். ட்ரீம்11 போன்ற நிறுவனங்கள் விற்றது வேறு சரக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம் அணி, இரவோடு கணக்குத் தீர்வு, கட்டணம் கட்டினால் பரிசுக் காசு. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் காசு வைத்து ஆடும் அந்த வகையைத் தடைசெய்தது. கீப்பர் லீக்குக்குக் காசு அவசியமே இல்லை. மூன்று வருடம் பொத்திவைத்த 3 டொலர்ப் பையன் நட்சத்திரமாவதைப் பார்ப்பதற்கு யாரும் பந்தயம் கட்டத் தேவையில்லை.

கடைசியாக, ஆள் விலகினால் என்ன செய்வது என்பதும் விதியில் இருக்கவேண்டும். ஒருவர் போனால் அவருடைய அணியை, வீரர்களும் விலைகளும் ஒப்பந்தங்களும் இருக்கிறபடியே, புதியவர் ஏற்கவேண்டும். கழித்துக்கட்டப்பட்ட வெற்று அணியை ஒருவரும் ஏற்கமாட்டார்கள். அதனால் புதியவருக்கு முதல் ஏலத்தில் சில டொலர் கூடக் கொடுப்பதோ, தக்கவைப்பில் ஓர் இடம் கூட விடுவதோ நல்லது. இருவர் ஒரே நேரத்தில் போனால் அந்த இரண்டு அணிகளின் வீரர்களையும் ஒன்றாகக் கொட்டி, வரும் இரண்டு புதியவர்களும் மாறி மாறித் தெரிவு செய்யலாம். பாதிப்பேர் போய்விட்டால் பதிவேட்டை மூடிவிட்டு, எல்லாருக்கும் 260 டொலரோடு முதலிலிருந்து தொடங்குவதே சரி.