வீடூர் அணையும் விரால் தூண்டிலும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்தில் போகிறவர்களுக்கு இது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். சாலையை விட்டு இறங்கினால் இது ஏரிகளும் வாய்க்கால்களும் நிறைந்த சீமை. வடகிழக்கு மழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, நவரை நடவும் முடிந்துவிட்டால், நாலைந்து நண்பர்கள் சேர்ந்து இரண்டு மூன்று வண்டிகளில் தூண்டிலுடன் கிளம்புவது இந்தப் பக்கத்தில் வழக்கம். வீட்டுக்குக் குழம்பு மீன் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்.

அப்படிப் போகிறவர்கள் நாடும் இடங்களில் ஒன்று, விக்கிரவாண்டியை அடுத்த வீடூர் அணை. செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆற்றை மறித்து 1959-ல் கட்டிய அணை இது. வராக நதி என்றாலும் இந்த ஆறுதான். அணையின் முழு நீர்மட்டம் 32 அடி. இதன் தண்ணீர் விழுப்புரம் மாவட்ட வயல்களுக்குப் பாய்வதோடு, எல்லை தாண்டிப் புதுச்சேரி நிலங்களுக்கும் போகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மீன் குளத்தை விட்டு வாய்க்காலுக்கும், வாய்க்காலை விட்டு வயலுக்கும் ஏறிவிடும். நீர் வடிந்த பிறகு எந்த மீன் எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் தூண்டில்காரரின் திறமை இருக்கிறது.

முதலில் அனுமதி

ஏரி மீனும் அணை மீனும் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைதாரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். கரையில் உட்காருவதற்கு முன் அவரிடமோ ஊராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பறவை பார்க்கப் போகலாம், தூண்டிலோடு போகக் கூடாது.

மீனுக்கு ஏற்ற முள், முள்ளுக்கு ஏற்ற இரை

மூங்கில் கழி, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள் ஆகிய ஐந்தும் இருந்தால் தூண்டில் தயார். கடையில் முள் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண முட்களில் எண் கூடக் கூட முள் சிறியதாகும். 12-ம் எண் முள் சிறு கெண்டைக்கு, 2-ம் எண் முள் பெரிய மீனுக்கு.

ஜிலேபி மீன் 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரி அரிது. சிறிய முள்ளில் மண்புழுத் துண்டு போதும். தக்கை இரண்டு முறை துடிக்கும், மூன்றாவதில் இழுக்கலாம்.

கெளுத்தி அடித்தரையில் மேயும். பார்வையை விட மீசையையும் மோப்பத்தையும் நம்பும் மீன். ஈயம் கட்டி இரையைத் தரையில் கிடத்த வேண்டும். முழு மண்புழுவோ கோழிக்குடலோ ஏற்றது. பொழுது சாய்ந்த பிறகுதான் நன்றாக எடுக்கும். கழற்றும்போது அதன் பக்க முள் குத்தினால் கை கடுக்கும்.

கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடிநீரிலும் இரை தேடும். கோதுமை மாவுடன் கடலைப்பிண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த உருண்டை மூன்றுக்கும் பொருந்தும். தக்கையிலிருந்து முள் தொங்கும் ஆழத்தை மட்டும் மீனுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

விராலின் வழி வேறு. காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அடிக்கடி மேலே வந்து ‘கொப்’பென்று நீரை உடைக்கும். கோரை, அல்லி படர்ந்த ஓரங்களில் பதுங்கும். தடித்த நரம்பும் பெரிய முள்ளும் வேண்டும். உயிருள்ள சிறு கெண்டை நல்ல இரை. தவளையைக் கோப்பது பழைய வழக்கம். ஆனால் வயலில் பூச்சி தின்னும் தவளையை வயலிலேயே விட்டுவிட்டு, கடையில் விற்கும் ரப்பர் தவளையைப் பயன்படுத்தலாம். விரால் கவ்வியதும் இழுத்தால் கைக்கு வராது. “அவசரப்படாத மச்சான், அது முழுங்கட்டும்” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது இதற்காகத்தான்.

இழுக்கக் கூடாத விரால்

கரையோரத் தண்ணீரில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலெழும்பி இறங்குவதைப் பார்த்தால், அடியில் தாய் விராலோ தந்தை விராலோ காவலுக்கு நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தின் நடுவில் இரையைப் போட்டால் காவல் மீன் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும். தூண்டில்காரருக்கு இதைவிட எளிதான வேட்டை கிடையாது. காவல் போனதும் கெளுத்தியும் மற்ற மீன்களும் கொக்குகளும் குஞ்சுகளை முடித்துவிடும். இன்று பிடித்த ஒரு மீனோடு அடுத்த ஆண்டின் நூறு மீன்களும் போகும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வால்ஐ என்ற ஏரி மீனுக்காக நண்பர்கள் கூட்டமாகப் புறப்படுவார்கள். அங்கே இனப்பெருக்கக் காலத்தில் அந்த மீனைத் தொடத் தடை உண்டு. நம் கிழக்குக் கடலிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஊர் ஏரியில் அந்தக் கட்டுப்பாட்டைத் தூண்டில் பிடிப்பவர்தான் தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். குஞ்சுக் கூட்டம் கண்ட இடத்தை விட்டு நகர்ந்துபோய் உட்கார்ந்தால் போதும்.

விவசாயி செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. மருந்து தெளித்த கைத்தெளிப்பானை வாய்க்காலில் கழுவக் கூடாது. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். கழுவிய நீரைத் தரிசு மண்ணில் ஊற்றிவிடலாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், வண்டல் எடுத்த குழி எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்ட பிறகே தண்ணீரோரம் விட வேண்டும். மேலே தெளிந்து தெரிந்தாலும் குழிக்குள் ஆள் ஆழம் இருக்கும். இடி இடித்தால் கழியைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலக வேண்டும். அறுந்த நரம்பையும் முள்ளையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த நாள் அங்கே மேயும் மாட்டின் வாயும் நாரையின் காலும் தப்பும்.