திராட்சைக் கொடிகளுக்கு நடுவே சைக்கிளில்...

பிரான்ஸ் தேசம் என்றதும் ஈபில் கோபுரமும் சென்ட் பாட்டிலும்தான் நம் கண் முன்னால் வந்து நிற்கும். பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளிப் போனால் பர்கண்டி என்று ஒரு பிரதேசம். அங்கே மலைச்சரிவு முழுக்கத் திராட்சைதான். என் தங்கை குடும்பத்தோடு அந்தப் பக்கத்துத் திஜோன் நகரில் இருக்கிறாள். ஜூன் மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, "அக்கா, கார்ல போனா ஒண்ணுமே தெரியாது. சைக்கிள்ல போவோம் வா" என்றாள்.

எனக்குச் சைக்கிள் புதிதல்ல. 1992-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்களே, அப்போது அம்மாவோடு மைதானத்துக்குப் போய்க் கற்றுக்கொண்ட சிறுமிகளில் நானும் ஒருத்தி. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை. முழங்கால் வேறு அவ்வப்போது 'நான் இருக்கிறேன்' என்று ஞாபகப்படுத்தும். தயங்கத்தான் செய்தேன்.

"கிராவல் சைக்கிள்னு ஒண்ணு இருக்கு அக்கா, சரளைக்கல் பாதைக்குன்னே செஞ்சது" என்றாள். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார்; ஆனால் டயர் அகலம், சுமார் 40 மில்லிமீட்டர் இருக்கும். காற்றைக் கொஞ்சம் குறைவாக அடிப்பார்கள். அதனால் கல்லில் ஏறினாலும் கை அதிராது. மேட்டில் ஏற லேசான கியர்களும் உண்டு. தங்கை ஓட்டியது அந்த வகை. எனக்கு பாட்டரி வைத்த சைக்கிளை வாடகைக்கு எடுத்தார்கள். பாட்டரி என்றால் மொபெட் மாதிரி சும்மா உட்கார்ந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். நாம் பெடல் மிதித்தால்தான் அதுவும் கை கொடுக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தானாக நின்றுவிடும். தங்கையின் மூன்று வயது மகன் அவள் சைக்கிளில் பின்பக்கக் குழந்தை இருக்கையில். அங்கே 2017 முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் சைக்கிளை ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி, ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை, நாங்கள் போட்டுக் கொண்டோம்.

கடைக்காரர் முதலில் என் சீட்டைத்தான் சரி செய்தார். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலுக்குக் கேடாம். பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் கணக்கு. ஊரில் சைக்கிள் ஓட்டும் சகோதரிகளும் இதைப் பார்த்துக் கொள்ளலாம்.

திஜோனிலிருந்து சைக்கிள்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு அரை மணிக்குள் போன் என்ற ஊரில் இறங்கினோம். (டெலிபோன் இல்லை, ஊர்ப் பெயரே போன்தான்!) இங்கிருந்துதான் திராட்சைத் தோட்டங்களின் ஊடே சைக்கிள் பாதை தொடங்கி, சான்தனே என்ற கிராமம் வரை சுமார் 22 கிலோமீட்டர் போகிறது.

ஆனால் கிளம்புமுன் போனில் ஓர் ஆஸ்பத்திரியைப் பார்த்தே ஆகவேண்டும். நூறு வருஷப் போரும் பஞ்சமும் ஊரைச் சின்னாபின்னமாக்கிய காலத்தில், 1443-இல், நிக்கொலா ரோலன் என்ற மந்திரியும் அவர் மனைவி கிகோன் தெ சலேன் என்ற அம்மாளும் ஏழை நோயாளிகளுக்காகக் கட்டியது. சிவப்பு, மஞ்சள், பச்சை ஓடுகளைக் கோலம் போட்ட மாதிரி அடுக்கிய கூரை. உள்ளே 50 மீட்டர் நீளக் கூடம்; இருபுறமும் சிவப்புத் திரை கட்டிய கட்டில்கள். அந்தக் காலத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளிகளாம்! 1971 வரை இங்கே நோயாளிகள் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? தரை ஓடுகளில் கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துகளும், 'ஒருத்தியே' என்று பொருள்படும் ஒரு சொல்லும், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும். கணவர் போன பிறகு அந்த அம்மாள் இங்கேயே நோயாளிகளுக்குப் பணி செய்து 1470-இல் காலமானார்.

இந்த ஆஸ்பத்திரி நடக்கப் பணம் எங்கிருந்து வந்தது? திராட்சையிலிருந்து! 1457-இல் ஒரு பெண்மணிதான் முதலில் தன் தோட்டத்தைத் தானமாக எழுதி வைத்தார். அப்படிச் சேர்ந்தது இன்று சுமார் 60 ஹெக்டேர். அதில் விளையும் ஒயினை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள். இப்போது வருஷா வருஷம் நவம்பர் மூன்றாவது ஞாயிறு. அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு.

கேட்டதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, குடியில்தான் போனார். 41 வயது. அண்ணியின் தாலிக்கொடியிலிருந்து கன்றுக்குட்டி வரை எல்லாம் அதில் கரைந்தது. குடி ஒரு வீட்டை எப்படி அரிக்கும் என்று கூட இருந்து பார்த்தவள் நான். அந்தச் சரக்கை விற்று நோயாளிக்குக் கஞ்சி ஊற்றினார்கள் என்றால் சட்டென்று கை தட்ட வரவில்லை.

ஊரைத் தாண்டியதும் பாதை ஆரம்பம். சில இடத்தில் சிமெண்ட், சில இடத்தில் தார், சில இடத்தில் வெள்ளைச் சரளைக்கல். கார் சத்தமே இல்லை. சுண்ணாம்புக்கல் மண் என்பதால் கல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பொம்மார், வோல்னே என்று அடுத்தடுத்துக் கிராமங்கள். வோல்னேக்கு ஏறும் மேட்டில் மட்டும் பாட்டரியை வாழ்த்தினேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படரும், தலைக்கு மேலே குலை தொங்கும், இல்லையா? இங்கே கொடி இடுப்பு உயரம்தான். கம்பி கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 10,000 செடிகள்! நடுவே டிராக்டர் எப்படிப் போகும்? அதற்கென்று உயரமான ஒரு டிராக்டர் உண்டு. காலை அகட்டி நிற்கும் ஆள் மாதிரி, செடி வரிசை அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்து வருகிறது. மருமகப் பிள்ளைக்கு அதைப் பார்த்து ஒரே குதூகலம். நாங்கள் போனபோது காய்கள் மிளகு அளவுதான். பூத்து நூறு நாளில் அறுவடை என்பது அவர்கள் கணக்கு. (நம் பன்னீர் திராட்சையையும் 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள்.)

தோட்டங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கல் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். துண்டுக்கு ஒரு பெயர், மொத்தம் 1,247. யுனெஸ்கோ 2015-இல் இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாதைக்கு இந்தப் பக்கத்து ஒயின் ஒரு விலை, அந்தப் பக்கம் அதைப்போல் பல மடங்கு. மண் மாறுகிறதாம். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே செடியாகத்தான் தெரிந்தது, போங்கள்! புலினி, ஷசானி என்ற இரண்டு ஊருக்கும் பொதுவான மோன்ராஷே தோட்டம் மொத்தமே 8 ஹெக்டேர்தான். அதன் பெயரைத் தங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக் கொண்டிருக்கின்றன இரண்டும்.

மெர்சோவுக்குச் சற்று முன்னால் ஒரு டிராக்டர் மருந்து அடித்துக்கொண்டு வந்தது. தங்கை சட்டென்று நிறுத்தி, பிள்ளை முகத்தைத் துப்பட்டாவால் மூடி, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடத்தில் ஒதுங்கினாள். அது போன பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்பினோம். குழந்தையோடு போகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது. வீடுகளுக்குப் பக்கத்தில் இடைவெளி விட்டுத்தான் மருந்தடிக்க வேண்டும் என்று 2020-இல் அரசாங்கமே விதி போட்டிருக்கிறது. நம் விவசாயிகள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் போர்டோ கலவை இந்தத் தேசத்தில் பிறந்ததுதான். போர்டோ பக்கம், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமலிருக்க, சாலையோரச் செடிகளில் மட்டும் இதைப் பூசினார்களாம். அந்தச் செடிகளுக்கு மட்டும் நோய் வராததைக் கவனித்து, 1885-இல் மில்லார்தே என்ற பேராசிரியர் உலகத்துக்குச் சொன்னார். திருட்டுக்குப் பயந்து செய்தது மருந்தாகிவிட்டது!

கொஞ்ச தூரத்தில் நாலைந்து பெண்கள் குனிந்து, சரிந்த கொடிகளைத் தூக்கிக் கம்பிக்குள் செருகிக் கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பில் கை வைத்து ஏதோ சொன்னார். "காலையிலேருந்து குனிஞ்சிருக்கேன், நீங்க கொடுத்து வெச்சவங்கன்னு சொல்றாங்க அக்கா" என்றாள் தங்கை. குளிர்காலத்தில் கொடி வெட்டும்போது மணிக்கட்டு போய்விடுமாம். நாற்று நடும் நம் பெண்களின் இடுப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக் கொண்டார்.

மெர்சோவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டோம். ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்குமுன் குடிக்கத் தகுந்ததா என்ற பலகையைப் பார்க்க வேண்டும்; எல்லாக் குழாயும் குடிநீர் அல்ல.

பக்கத்தில் ஒரு நிலவறைக்கு ருசி பார்க்கக் கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று எனக்கு யோசனை. தங்கை சும்மா பார்க்கலாம் என்றதால் போனேன். அங்கே ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு, ஒரு பாத்திரத்தில் துப்பிவிடுகிறார்கள்! தொழில் தெரிந்தவர்கள் விழுங்க மாட்டார்களாம். எங்களுக்கு வேண்டாம் என்றதும் வீட்டுக்கார அம்மாள் முகம் சுளிக்காமல் திராட்சை ரசம் கொண்டுவந்து வைத்தார். பாட்டிலில் கர்ப்பிணிப் படத்தை வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே கோடிட்டிருந்தது. 2007 முதல் அங்கே ஒவ்வொரு மது பாட்டிலிலும் அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும்.

ஒயின் தேசம்தானே, இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்மில் சிலர் பேசுவார்கள். அந்தத் தேசத்திலேயே 1956 வரை பள்ளிக்கூடச் சாப்பாட்டோடு சின்னப் பிள்ளைகளுக்கு ஒயின் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் 14 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை செய்தார்கள். 1960 வாக்கில் ஒரு வருஷத்துக்குத் தலைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடித்தவர்கள், இப்போது பாதிகூடக் குடிப்பதில்லை. கர்ப்பிணிக்குச் சொட்டுகூடக் கூடாது என்பது அவர்கள் சுகாதாரத் துறை சொல்வது. எந்த அளவும் பத்திரமானதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. அந்த அம்மாளிடம் தங்கை மூலம் எங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் தகப்பனாரும் அப்படித்தான் போனார் என்று மெதுவாகச் சொன்னார். "தோட்டத்தை விட முடியுமா? இதுதானே சோறு போடுது" என்றாராம்.

சான்தனே போய்ச் சேர மாலை ஐந்தாயிற்று. ஜூனில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் அவசரமில்லை. அங்கிருந்து கால்வாய்க் கரையோரம் சமதரைப் பாதையில் நாலைந்து கிலோமீட்டர் மிதித்தால் ஷான்யி ரயில் நிலையம். பிள்ளை ஹெல்மெட்டோடு தூங்கிவிட்டான். என் முழங்கால் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்த இடம்தான் இரண்டு நாள் பேசியது.

மேடே வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்னும் தெற்கே ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர் இருக்கிறது. பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1997-இல் திறந்த பாதை. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. அடுத்த தடவை அதுதான் என்று தங்கை இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.